கிரகங்களுக்கு வைத்த பெயர்கள்

வேங்கிக்கால் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த புதிதில் இந்த ஊரில் எனக்கு ஒரு ஈ காக்கைகூடப் பழக்கமில்லை. செங்கம் ரோடு அருகே ஒற்றை அறை. சாயங்காலமானால் பேச ஆளில்லாத எரிச்சலில் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்காருவேன். மூலை மிஷினில் ஒரு பழைய விண்வெளி கேம் இருந்தது. வெள்ளைக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போனதாம். கப்பல் கட்டி அனுப்பி, காலியாகக் கிடக்கும் கிரகங்களில் ஜனங்களைக் குடியேற்ற வேண்டும். எதிரி வந்தால் சண்டை.

ஒருநாள் திறந்தால், நான் சேமித்து வைத்த ஆட்டத்தை யாரோ தொட்டிருக்கிறார்கள். சுர்ரென்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால், நான் பட்டினி போட்டிருந்த கிரகத்துக்குச் சாப்பாடு போயிருந்தது. என்னைவிட நன்றாகவே ஆடியிருந்தது அந்த ஆள்.

"காலையில இதுல யாருங்க உக்கார்றது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"பத்து பேர் வர்றாங்க, போறாங்க. யாருன்னு கேட்டுட்டா இருக்க முடியும் சார்?"

நேரில் போய்ப் பார்க்கலாமென்றால் காலையில் எனக்கு ஆபீஸ். ஞாயிறு கடை லீவு. ஆனால் குடியேற்றும் கிரகத்துக்கு நாமே பெயர் வைக்கலாம். புதுக் கிரகம் ஒன்றுக்கு 'யார் நீங்க' என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தேன். மறுநாள் பக்கத்திலேயே இன்னொரு கிரகம்: 'நானும் தனி ஆள்'.

அன்று இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன். அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புதுக் கிரகம் வேண்டியிருந்ததால், ஒரு வார்த்தை பேச ஒரு கப்பல் செலவானது. அந்த நேரத்தில் எதிரி எங்கள் கிரகங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். எனக்கு அந்த ஆளைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

'பௌர்ணமி ஆறு மணி கடை வாசல்' என்று நான்தான் வைத்தேன். இந்த ஊரில் எதற்கும் "பௌர்ணமி கழிச்சு பாத்துக்கலாம்" என்பார்கள். எனக்கும் அந்தக் கணக்கு தொற்றியிருந்தது. 'சரி' என்று ஒரு கிரகம் வந்தது.

பௌர்ணமியன்று ரோடு கொள்ளாத கிரிவலக் கூட்டம். கடை பூட்டிக் கிடந்தது. அதன் வாசலில் பந்தல் போட்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நூறு பேர் நின்றார்கள். என்ன சட்டை என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "என்னையா தேடறீங்க?" என்றேன்.

"டம்ளர் தேடறேங்க" என்றார்.

மறுநாள் சாயங்காலம் புதுக் கிரகம் ஒன்று இருந்தது. 'வந்தேன் நீங்க வரல'. கையில் கப்பல் இல்லை. கடை மூடும் நேரம்வரை உட்கார்ந்து ஒன்றைக் கட்டி அனுப்பி, 'நானும் வந்தேன்' என்று பெயர் வைத்துச் சேமித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் போனால் மிஷினில் கேமே இல்லை.

"வைரஸ் புகுந்துடுச்சு சார். நேத்து கடை மூடறப்பவே எல்லாத்தையும் அழிச்சு புதுசா போட்டுட்டேன். கேம்தானே, வேற போட்டுக்கலாம்."

"காலையில இதுல யாராவது உக்காந்தாங்களா?"

"உக்காந்தாங்க. கேம் எங்கன்னு கேட்டாங்க. அழிச்சுட்டேன்னேன். கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்துட்டு எழுந்து போயிட்டாங்க."

அதற்குப் பிறகு அந்த ஆள் அங்கே வரவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அவரைப் பொறுத்தவரை நான் இன்னமும் வராதவன்தான்.