மணிக்காகச் சொன்ன பொய்

எங்கள் ஊரில் மணி வார்க்கும் நாளன்று யாராவது ஒரு பெரிய பொய்யைக் கிளப்பிவிட வேண்டும். பொய் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரம் மணியோசை கேட்குமாம். குழியில் ஊற்றிய வெண்கலம் இறுகும்வரை அது பொய்யென்று வாய் திறக்கக்கூடாது. திறந்தால் மணியில் விரிசல் விழும். இந்த வேலைக்குக் கிளஃபீராவை விட்டால் ஆள் கிடையாது. மணி வார்க்கும் பட்டறைக்காரன் பர்ஃபேனின் மனைவி, என் பக்கத்து வீட்டுக்காரி. ஆளுநர் வீட்டுக்குள் கரடி புகுந்து தேநீர் கொதிக்கும் சமோவாரைக் கவிழ்த்ததென்று அவள் சொல்லி, வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனவர்கள் உண்டு!

அந்தப் பங்குனியில் அவள் புத்தி எங்கே போயிற்றோ! "போர்ல செத்துட்டான்னு சொன்ன சிப்பாய் ஒருத்தன், அக்கரைச் சத்திரத்துல உக்காந்து கஞ்சி குடிக்கிறானாம்" என்று சொல்லிவிட்டாள்.

தெருக்கோடி உஸ்தீன்யா போரில் மகனைப் பறிகொடுத்தவள். ரொட்டி மூட்டையோடு அவள் ஆற்றுக்கு ஓடுவதை நான்தான் பார்த்து வந்து சொன்னேன். ஆற்றில் உறைந்திருந்த பனி இளகிக் கிடந்தது. அதில் நாய்கூட இறங்காது.

கிளஃபீராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டறையில் அப்போதுதான் உருகிய வெண்கலத்தைக் குழிக்குள் திறந்துவிட்டிருந்தார்கள். போன மணியே விரிசல் விட்டு மானம் போயிருந்தது. பட்டறையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலைத்துணி நழுவ ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"அக்கா, நில்லு! அது பொய்க்கா! மணிக்காக நான் சொன்ன பொய்!"

உஸ்தீன்யா நடு ஆற்றை நெருங்கியிருந்தாள். "இப்பதான்டி பொய் சொல்ற! என் புள்ள வந்தது உனக்குப் பொறுக்கலயா?"

அவள் காலடியில் பனி நெரிந்த சத்தம் கரைவரை கேட்டது.

கிளஃபீரா தொண்டை கிழியக் கத்தினாள்: "அக்கா, அவன் பாலத்தைச் சுத்தி இங்க வந்துட்டான்! பட்டறையில நிக்கிறான். அம்மா எங்கன்னு கேக்குறான்!"

உஸ்தீன்யா நின்றாள். திரும்பி, அடிமேல் அடி வைத்து வந்தாள். பாவி மகள், சிரித்துக்கொண்டே வந்தாள். கரையில் கால் பட்டதும் கிளஃபீரா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

"விடுடி, புள்ளையப் பாக்கணும்."

கிளஃபீரா அழுதாள். அப்போதுதான் உஸ்தீன்யாவுக்குப் புரிந்தது. ரொட்டி மூட்டை சேற்றில் விழுந்தது.

அவள் பொய்யென்று வாய் திறந்தும் மணியில் விரிசல் விழவில்லை. ஐந்து ஊர் தாண்டிக் கேட்கிறது. கிளஃபீரா அதற்குப் பிறகு பொய் சொல்லப் போனதில்லை. ஆனால் அந்த மணி அடிக்கும்போதெல்லாம் உஸ்தீன்யா ஆற்றங்கரைக்குப் போய் நின்று அக்கரையைப் பார்க்கிறாள். கிளஃபீராவும் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஓடுகிறாள்.