வரேன்

மஸ்கட்டில் என் நாள் சாயங்காலம்தான் தொடங்கும். அதுவரை நடப்பதெல்லாம் வெறும் வேலை. வெயிலில் குழாய் வெல்டிங் முடித்து, கேம்ப்புக்கு வந்து, குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போடுவேன். நான்கு வயது மகள் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு, "நைனா, இன்னா துன்னே?" என்பாள். பருப்பு என்றால் முகம் சுளிப்பாள். அவளிடம் சொல்வதற்காகவே நான் வெண்டைக்காய் வாங்கிச் சமைக்கப் பழகினேன். கேம்ப் வாசலில் குட்டி போட்ட பூனையைத் தினமும் நின்று பார்த்துவிட்டு வருவதும் அவளுக்காகத்தான். "பூனை பாக்குறதுக்கும் ஓவர்டைம் உண்டா வே?" என்று அறையில் இருந்த திருநெல்வேலிக்காரர் கிண்டலடிப்பார். அடிக்கட்டும். அந்தப் பத்து நிமிஷப் பேச்சு இல்லையென்றால் நான் அங்கே இருந்ததற்கே அர்த்தமில்லை.

பேசி முடித்ததும், "சரிம்மா, வரேன்" என்று வைத்துவிடுவேன். போறேன் என்று யார்தான் சொல்வார்கள்? வாயில் அப்படித்தானே வரும்.

ஒருநாள் மனைவி தனியாக அழைத்தாள்.

"நீ பாட்டுக்கு வரேன்னு சொல்லிட்டு வெச்சிர்றே. இது செருப்ப மாட்டிக்கினு தெருமுனைக்கு ஓடுது. தெனம் இதே பேஜாரு."

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டை கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் ஆட்களை இறக்கும் நேரம் அது. வெளிநாடு வருவதற்கு முன்னால் நானும் அதில் இறங்கியவன்தான். தெருவில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லாம் அதில்தான் வருகிறார்கள். வரேன் என்று சொன்னவன் வேறு எதில் வருவான்? கடைசி ஆள் இறங்கி, பஸ் கிளம்பிப் போகும்வரை நிற்பாளாம்.

"அழுவுதா?"

"அழுவல. நைனாவுக்கு பஸ்ல எடம் கெடைக்கல, நாளைக்கு வரும்னு சொல்லுது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னா இன்னா பண்ணுவே? பஸ் புடிச்சி வந்துடுவியா?" என்றாள்.

மறுநாள் வெண்டைக்காய், பூனைக்குட்டி எல்லாம் பேசியானது. கடைசியில், "சரிம்மா, வெச்சிர்றேன்" என்றேன்.

"வரேன்னு சொல்லு நைனா."

"நைனா இருக்கறது ரொம்ப தூரம்மா. பஸ்ல வர முடியாது. ஏரோப்ளேன்லதான் வரணும். அதுக்கு இன்னும் நாளாவும்."

"நாளைக்கு?"

"இல்லம்மா."

"அப்ப நீ போறியா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனில் பஸ் ஹாரன் கேட்டது. செருப்பு மாட்டினாயா என்று மனைவி பழக்கத்தில் கேட்டுவிட்டாள். மகள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. நான் வேண்டியதும் அதைத்தான். ஆனாலும், ஓடம்மா, இன்று ஒருநாள் ஓடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"நைனா அதுல இல்லம்மா" என்றாள் தன் அம்மாவிடம்.