பருந்தண்ணனின் மச்சினன்

ஒரு செருப்புக் கம்பெனியின் விளம்பரத்துக்காகத் தொழிற்சாலைக்கு மேலே ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மொட்டைமாடி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது படத்தில் விழுந்துவிட்டது. ட்ரோனை ஓட்டிய பருந்தண்ணன் திரையில் அதைப் பார்த்தார்.

"காத்துல படம் ஆடிடுச்சு சார், இன்னொரு தடவை எடுத்துடறேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, எடுத்ததை அழித்தார். பக்கத்தில் நின்ற மச்சினனுக்குத் தெரியும், அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

பருந்தண்ணன் என்பது கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர். மச்சினனுக்கு அவர் அக்கா புருஷன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், ட்ரோன் வாங்கியதும் பெயிண்ட், மெத்தை, டயர் என்று விளம்பரப் படங்களுக்குப் போக ஆரம்பித்தார். ஓட்டுகிறவர் கண் திரையிலேயே இருக்கும். எங்கே கம்பி, எங்கே மரம், எங்கே பறவை என்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மச்சினன்.

"மாப்பிள்ளை, உங்கக்கா என்மேல வெச்சிருக்கற கண்ணுல பாதியை நீ மேல வெச்சாப் போதும்" என்பார் அத்தான்.

"அது எங்க குடும்பத்துக் கண்ணு அத்தான், ஒண்ணும் தப்பாது."

வேனில் சிரித்துக்கொண்டே போன அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிறகு அவனுடைய இடது கண்ணில் புகை படிந்தாற்போல் ஆனது. சொன்னால் வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அத்தான் பக்கத்து சீட்டில் வேறு ஒருவன் உட்காருவான். ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். டயர் கம்பெனிப் படத்தில் லாரிக்குப் பின்னால் ட்ரோன் தாழப் பறந்தது. இடது பக்கம் குறுக்கே போன கேபிள் இவன் கண்ணில் படவில்லை. "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ட்ரோன் அதில் மாட்டி, ரோட்டில் விழுந்து நொறுங்கியது.

"யாரு மேல பார்த்துட்டிருந்தது?" என்றார் மேனேஜர்.

"பொறுப்பு என்னுது சார்" என்றார் அத்தான்.

திரும்பும் வழியில் இவனுக்கு அடக்க முடியவில்லை. "அத்தான், எனக்கு இடது கண்ணு சரியாத் தெரியல."

"தெரியும். மூணு மாசமா டீ கிளாஸைத் தடவித் தடவித்தான் எடுக்கறே."

"அப்ப ஏன் கேக்கல?"

அத்தான் வேனை ஓரங்கட்டினார். "கேட்டா நீ வேலைக்கு வராம நின்னுடுவியேன்னுதான். அப்புறம் நான் வழியெல்லாம் யார்கூடப் பேசுவேன்? அழகா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ட்ரோனை ஒழிச்சுக்கட்டிட்டோம்."

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆபரேஷன் முடிந்து கண் தெளியும்வரை வந்த வேலைகளைத் தள்ளிப்போட்டார். அக்கா திட்டியதையும் வாங்கிக்கொண்டார். வேறு ஒரு ட்ரோன் வாங்கினார். கடவுள் புண்ணியத்தில் அதன் பிறகு ஆறு வருஷம் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

வயதாகி, அத்தானும் அக்காவும் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போனார்கள். போன இடத்திலேயே அத்தான் கண்மூடிவிட்டார். கிளம்பிய அன்றைக்கு விமான நிலைய வாசலில், பெட்டிகள் வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதுதான் கடைசி:

"எனக்குப் பதிலா கம்பெனிக்காரங்க பிடிச்சிருக்கற புது ட்ரோன்காரன் நல்ல பையன், அவன்கூட வேலைக்குப் போ. ஆனா எது தெரியலன்னாலும் வாய்விட்டுச் சொல்லிடு மாப்பிள்ளை. அவன் என்னை மாதிரி தெரிஞ்சும் சும்மா இருக்கற மடையன் இல்ல."