மாலை போட்ட சம்மட்டி

சந்தானத்துக்கு மெல்லப் பேச வராது. அவர் தம் வீட்டில் தண்ணீர் கேட்டால் அடுத்த வீட்டுக்காரி சொம்பைத் தேடுவாள் என்று அவருடைய மனைவி காந்தா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நீலசந்திராவில் அவர்கள் குடியிருந்தது இரண்டே அறைகள் கொண்ட வீடு. அந்தக் குரலுக்கு அது போதவில்லை.

அவர் மீசை முளைத்த வயதில் அரசுத் தொழிற்சாலை ஒன்றின் ஃபோர்ஜ் ஷாப்பில் உதவியாளாகச் சேர்ந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்து உருக்கொடுக்கும் கொட்டகை அது. சம்மட்டி என்றால் கையால் ஓங்குவது அன்று. இரண்டு மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் எந்திரம். தொழிலாளர் அதை ஹேமர் என்பார்கள். அது விழும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு சொல் கேட்க வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். காதில் செருகிக்கொள்ளக் கொடுத்த ரப்பர் அடைப்பான்கள் வியர்வையில் அரிக்கின்றன என்று சந்தானம் அவற்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். ஆண்டுகள் செல்லச் செல்லக் காது மங்கியது. காது மங்க மங்கக் குரல் உயர்ந்தது. அவர் அதை ஒரு குறையாக எண்ணியதே இல்லை. உடன் வேலை செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தானே பேசினார்கள்!

அதைக் குறையென்று அவருக்கு உணர்த்தியவள் ஒன்றாம் வகுப்புப் படித்த மகள் சுப்ரியா. அதுவும் நேரே சொல்லவில்லை.

"இஸ்கூல்ல மிஸ்ஸு கேட்டாங்களாம், உங்கப்பா என்னா பண்றாருன்னு," என்று ஒருநாள் மாலை காந்தா சொன்னாள். "எல்லாப் புள்ளைங்களும் டிரைவரு, டைலருன்னு சொல்லிச்சாம். உங்க பொண்ணு என்னா சொன்னா தெரியுமா? எங்கப்பா கோச்சிக்குவாருன்னு."

"நானா? நான் எப்ப கோச்சிக்கினேன்?"

கேள்வி சுவரில் மோதித் திரும்பியது. மூலையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குழந்தை, பென்சிலைப் போட்டுவிட்டுத் தாயின் பின்னால் போய் நின்றது. சந்தானம் அதைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அவர் அடித்திராத குழந்தை அது.

அன்றிரவு அவர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆயுதபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டு முழுவதும் வெளியாரை அண்டவிடாத தொழிற்சாலை, அந்த ஒரு நாள் தொழிலாளரின் குடும்பங்களுக்காகத் திறந்திருக்கும். சுப்ரியாவை அழைத்துப் போனால் என்ன? ஹேமர் விழுவதை அவள் ஒரே ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். அப்பா ஏன் இப்படிப் பேசுகிறார் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

"நீயும் வா," என்று காந்தாவை அழைத்தார்.

"நா வந்தா எம் முந்தானைக்குள்ள பூந்துக்குவா. நீங்க ரெண்டு பேரும் போங்க."

பச்சைப் பாவாடை, கனகாம்பரம், புது ரிப்பன் என்று அலங்கரித்து அனுப்பினாள். பி.டி.எஸ். நகரப் பேருந்தில் சந்தானம் மகளிடம் மெல்லப் பேச முயன்றார். மெல்ல என்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாததால் உதடு மட்டும் அசைந்தது. சொல் வெளியே வரவில்லை. குழந்தை சிறிது நேரம் அவர் வாயையே பார்த்திருந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

தொழிற்சாலை வாயிலில் இருபுறமும் வாழை கட்டியிருந்தார்கள். உடைத்த பூசணிக்காயின் சிவப்பு, தார்ச்சாலையில் சிதறிக் கிடந்தது. பொரிப் பொட்டலங்களோடு குடும்பங்கள் போய்வந்துகொண்டிருந்தன. வாயிலைத் தாண்டி நாலடி வைத்த சந்தானம் சட்டென்று நின்றார். உள்ளங்காலில் ஏதோ குறைந்தது. வழக்கமாக அந்த இடத்திலேயே தரை அதிரத் தொடங்கிவிடும். இன்று தரை தரையாக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது: ஆயுதபூஜையன்று எந்திரங்கள் ஓடமாட்டா. இது அவருக்குத் தெரியாததா? ஒவ்வோர் ஆண்டும் அந்த ஹேமரைத் தம் கையாலேயே எண்ணெய்போகத் துடைத்துச் சந்தனம் பூசி வந்தவர்தாம். ஆனால் மகள் அதைப் பார்ப்பதாக அவர் மனத்தில் வரைந்துகொண்ட சித்திரத்தில் ஹேமர் விழுந்துகொண்டிருந்தது. விழாத ஹேமரை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

"என்னாய்யா சந்தானம், வாசல்லயே வேர் உட்டுட்ட?" என்று எதிரே வந்தார் ஃபோர்மன் ஹெர்பர்ட்.

"சார், ஹேமரு..."

"அதுக்கென்னா? குளிச்சி, பொட்டு வெச்சி, மால போட்டுக்கினு கல்யாண மாப்ள மாரி நிக்கிது."

"பாப்பாக்கு ஒரே ஒரு அடி ஓட்டிக் காட்லாம்னு சார்..."

"ஆயுதபூஜை அன்னிக்கா? அடப்பாவி! பூஜை போட்ட மெஷின்ல கை வெச்சா அத்தினி பேரும் சேந்து என்னைத்தான் அந்தப் பூசணிக்கா பக்கத்துல ஒடைப்பானுங்க. சர்ச்சுக்குப் போற எனக்கே தெரியிது, உனக்குத் தெரியலயா?"

திரும்பிப் போகலாமா என்று சந்தானம் யோசித்தார். வேலைநாளில் குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். அடுத்த வாய்ப்பு அடுத்த ஆண்டுதான். அதற்குள் அவளுடைய அச்சம் முற்றிவிடும். கைவிரலைப் பிடிக்காமல், ஆனால் விலகியும் போகாமல் நின்ற மகளைப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று என்று நடந்தார்.

ஃபோர்ஜ் ஷாப்பின் படியில் கால் வைத்ததும் சுப்ரியா இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "சத்தம் வராதும்மா. இன்னிக்கி அது தூங்குது," என்றார் அவர். அவள் ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள்.

கூரை, வானத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதன் கண்ணாடிப் பலகைகளின் வழியே வெயில் சாய்ந்த தூண்களாக இறங்கித் தரையில் ஊன்றியிருந்தது. அணைந்த உலைகள் வாயைத் திறந்தபடி வரிசையாகக் கிடந்தன. அவற்றின் நடுவே, கழுத்தில் ஆள் நீளச் சாமந்தி மாலையோடு, நெற்றியில் அகலமான சந்தனத்தோடு நின்றது ஹேமர். சுப்ரியா அதை அடியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பார்வை மேலே போகப் போகத் தலை பின்னால் சாய்ந்தது. ரிப்பன் முதுகைத் தொட்ட பிறகும் அது முடியவில்லை.

"இது யாருப்பா?" என்றாள்.

எது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டாள். சந்தானத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை ஆண்டுகள் அதன் காலடியில் நின்றும் ஒருநாளும் அதை அவர் முழுதாக நிமிர்ந்து பார்த்ததில்லை. துடைக்கும்போதும் கைக்கு எட்டிய இடம்தான் கண்ணில் படும். வேலையிலோ பார்வை எப்போதும் இரும்பின் மேல்தான் இருக்கும். இல்லாவிட்டால் கை போய்விடும். இன்று மகளின் பக்கத்தில் நின்று, அவளைப் போலவே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். இவ்வளவு பெரியதா இது? இதனிடமா தினமும் வந்து நிற்கிறேன்?

"அப்பா, புறா கத்துது."

"எங்க?"

"தோ, அங்க. கேக்கலயா?"

அவள் காட்டிய உத்தரத்தில் இரண்டு புறாக்கள் தொண்டை புடைக்க அசைந்துகொண்டிருந்தன. சந்தானம் மூச்சைப் பிடித்துக் கவனித்தார். புடைப்பது தெரிந்தது. ஒலி வரவில்லை.

"இல்லம்மா. அப்பாக்கு கேக்கல."

சுப்ரியா புறாவைப் பார்த்தாள், ஹேமரைப் பார்த்தாள், பிறகு அவருடைய காதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதா எடுத்துக்கிச்சு?"

"ம். கொஞ்சம் கொஞ்சமா."

"அது எப்டி கத்தும்?"

அவர் தயங்கினார். அதைத்தானே காட்ட அழைத்து வந்தார்! எந்திரத்தைத் தொட முடியாது. இருந்தது தம் தொண்டை ஒன்றுதான். எந்தக் குரலுக்கு அவள் நடுங்கினாளோ, அதையே முழுமையாகத் திறந்துவிடுவதா? நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"டொம்ம்ம்!"

கொட்டகை அதை வாங்கிக்கொண்டது. ஒலி கூரைவரை ஏறி, உலைகளுக்குள் நுழைந்து, இளைத்துத் திரும்பி வந்தது. புறாக்கள் பறக்கக்கூட இல்லை. தூரத்தில் பொரி மென்றுகொண்டிருந்த ஹெர்பர்ட் மட்டும், "இதுக்கும் அந்த ஹேமருக்கும் சம்பந்தமே இல்லய்யா!" என்று கத்தினார்.

சுப்ரியா வியப்போடு தந்தையைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க உங் கொரலு சின்னதா இருக்குது."

"ஆமாம்மா. இங்க எங் கொரலு சின்னதுதான்."

"நா கத்தட்டா?"

கத்தினாள். கீச்சென்று ஒரு டொம். பிறகு இன்னொன்று. பிறகு இருவரும் சேர்ந்து கத்தினார்கள். சந்தனமும் சாமந்தியுமாக நின்ற அந்தப் பேருரு, இருவரையும் ஒரே அளவாக்கிவிட்டுச் சும்மா நின்றது. வெளியே வரும்போது அவருடைய சுண்டுவிரலைச் சுற்றி ஒரு பிடி இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் சுப்ரியா இருக்கையில் முழங்காலிட்டு, இரு கைகளையும் குவித்து அவர் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தாள். ஹேமர் எதைச் சாப்பிடும், மாலையை யார் கழற்றுவார்கள், அதற்கு வலிக்குமா என்று கேள்விகள். அவை அவருக்கு மட்டுமன்றிப் பேருந்து முழுவதற்கும் கேட்டன. சீட்டுக் கிழித்துவந்த நடத்துநர் குனிந்து, கன்னடத்தில், "ஏன் புட்டி, அப்பன் ஜொதெ ஜகளானா?" என்றார்.

"ஜகளா அல்லா அங்கிள், மாத்தாட்தா இதீவி!" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குக் கேட்டிருக்காது என்று மறுபடி அவர் காதில் கையைக் குவித்தாள். "சண்டையான்னு கேக்குறாரு! பேசினு இருக்கோம்னு சொல்லிட்டேன்!"

"ஆமா சார், பேசினுதான் இருக்கோம்!" என்றார் சந்தானம், அடக்காத முழுக்குரலில். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை திடுக்கிட்டு அழத் தொடங்கியது. சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்திருந்த மகளின் தலை மட்டும் அசையவில்லை.