வெந்நீரில் கழுவிய கடல்

அந்த அம்மாளுக்குக் கோபம் வர பெரிய காரணம் எதுவும் வேண்டாம். கண்ணாடியில் ஒரு விரல் தடம் போதும். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. செருப்போடு அந்த வாசலைத் தாண்டியவர் பெரிய டாக்டரானாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். வார்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘வெந்நீர்’. அவள் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும், தன் கை வழியாகப் போன கருவியால் ஒருத்தருக்கும் சீழ் பிடித்ததில்லை என்பாள். நியாயமான பெருமைதான். அந்தப் பெருமைதான் வினையாகவும் வந்து முடிந்தது.

பல் டாக்டர் வீட்டு முன்னறையில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு ஜோடி கடல்குதிரையைப் பார்த்தாள். வாலால் ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் நிமிர்ந்து நின்றன. ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும் என்று பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு பெற்றவள் அதை மூன்று தடவை படித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷினில் குனிந்திருந்த புருஷனிடம் சொன்னாள்: “ஆம்பளை சுமக்கற ஜாதி ஒண்ணு இருக்குங்க. அது நம்ம வீட்ல இருக்கணும்.”

“இருக்கட்டுமே” என்றார் அவர். முப்பது வருடத்தில் அவர் வேறு பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கூடத்தில் தொட்டி வந்தது, தையல் மிஷின் நடைக்குப் போனது. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் ஒருவர் சொன்னபடியே வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பைக் கரைத்தாள், அளந்து பார்த்தாள், கடலிலிருந்து வந்த கற்களை அடுக்கினாள், தண்ணீரை இழுத்து வடிகட்டும் பஞ்சை மூலையில் மாட்டினாள். பிடித்துக்கொள்ளத் தண்டு நாலு நட்டாள்.

“ஆறு வாரம் மீன் இல்லாம ஓடட்டும்க்கா, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்க. தண்ணி பழகணும்.”

“தண்ணி எதுக்குத் தம்பி பழகணும்? சுத்தமா இருந்தா போதாதா?”

அவர் வேறு ஒருவருக்குத் தொட்டியிலிருந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். “பழகணும்க்கா” என்றார், அவ்வளவுதான். விளக்கம் சொல்லத் துப்பில்லாத ஆள் என்று அவளும் முடிவு கட்டிவிட்டாள்.

முதல் வாரத்திலேயே பஞ்சில் பழுப்பாக வழவழப்பு படிந்தது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சையும் கற்களையும் வாளியில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பளிச்சென்று திருப்பி வைத்தாள். அதன்பின் எல்லா ஞாயிறும் அதே வேலை. வாராவாரம் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். கடைக்காரர் மருந்துச் சொட்டு விடுவார். மஞ்சளாக நின்றால் நல்ல தண்ணீர், பச்சையானால் அதில் அம்மோனியா விஷம். எட்டு வாரமும் பச்சை.

எட்டு வாரமும் புருஷன் தலைதான் உருண்டது. “உங்க நூல் தூசிதான் பறந்து வந்து விழுது. அந்த மிஷின் எண்ணெய்க் கையோட தொட்டி பக்கம் வராதீங்க.” அவர் மிஷினை நடையிலிருந்து பின்கட்டுக்கு நகர்த்திக்கொண்டார். கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து போனார். தன் வீட்டில் திருடனைப் போல நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது வாரம் கடைக்காரர் மறுபடி இன்னும் ஆகவில்லை என்று தலையை ஆட்டியதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “காசு வாங்கும்போது இனிச்சுது, குதிரையைக் கொடுக்கக் கசக்குதா?” என்று கத்திவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காத இன்னொரு கடையில் ஜோடியை வாங்கி வந்தாள்.

மூன்று நாள் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் உண்டு. ஆணின் வயிறு புடைத்திருந்தது. உறையவைத்த பொடி இறாலை அவள் நீட்ட, அது கண்ணை உருட்டிப் பார்த்து உறிஞ்சியது. ஞாயிறு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் இடமாயிற்றே என்று இரண்டு தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள்.

புதன்கிழமை ஆணின் பிடி விட்டுப்போனது. தொட்டியின் அடியில் பக்கவாட்டில் கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்கியது.

“உள்ள என்னத்தைப் போட்டீங்க?”

“நான் கிட்டயே போகலம்மா.”

“கிட்டப் போகாமதான் இப்படி ஆச்சா?”

மத்தியானத்துக்குள் அது வயிற்றுக் குஞ்சுகளோடு செத்தது. விற்ற கடையில் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் பெண்குதிரையைத் தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் விட்டு, பழைய கடைக்கே ஓடினார்கள். வாளி தளும்பாமல் புருஷன்தான் தூக்கி வந்தார்.

ஆண் குஞ்சோடு செத்ததைக் கேட்டதும் கடைக்காரர் பழைய சண்டையை விட்டுவிட்டார். வாளித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சொட்டு விட்டார். கரும்பச்சை. தன் தொட்டித் தண்ணீரைக் கோப்பையில் மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாளிக்குள் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“பஞ்சையும் கல்லையும் யாரு கழுவினது? அதுல நல்ல கிருமிங்க குடியிருக்கும். மீனோட கழிவுல, மக்கற தீனில வர்ற விஷத்தை அதுங்கதான் முறிக்கும். அதுங்க பெருகத்தான் ஆறு வாரம் கேட்டேன். யாரோ அடியோட அழிச்சிருக்காங்க.”

கிருமி. இருபத்தாறு வருடமாக அவள் கொன்று வந்தது அதைத்தான். அவள் வாளி மூடியை எடுத்து முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.

“நான்தான் தம்பி” என்றார் புருஷன். “தெரியாம வெந்நீர்ல போட்டுட்டேன்.”

“என்ன சார் நீங்க? வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக்கூடாதா? வயித்துல குஞ்சோட ஒரு உயிர் போயிருக்கு.”

அவர் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். தடுமாற்றமே இல்லாமல், நெடுநாள் பழகியவர் மாதிரி ஆட்டினார். அதைப் பழக்கியது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருடக் கோபத்தில் அப்படி ஒரு கோபம் அவளுக்கு வந்ததில்லை.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் அவரிடம். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள். “இந்த மனுஷனைத் தொட்டி பக்கமே நான் வரவிடல தம்பி. கழுவினது நான். வாராவாரம் கொதிக்கற தண்ணி ஊத்தி, பிரஷ் போட்டுக் கழுவினேன். கொன்னது நான்.”

கடைக்காரர் அடுத்த கோப்பையை மொண்டார்.

“அவரைத் திட்டின இல்ல? இப்ப என்னைத் திட்டு” என்றாள்.