நினைவுக்கல்லும் கால்பந்தும்

வாசல் கதவைத் திறப்பதற்கு முன் கேப்டன் கண்ணை மூடிக்கொள்கிறார். "ஆண்டவரே, இன்னிக்கு யாருக்கும் பல்லு போகாமப் பாத்துக்கோங்க. ஆமென்." அவ்வளவுதான் ஜெபம். கதவு திறந்ததும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பந்தோடு தேவாலய வளாகத்துக்குள் பாய்கிறார்கள்.

கேப்டன் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டியவர். இப்போது தேவாலயக் காவலாளி. வாசலை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் காலை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. கொளுத்தும் வெயிலிலும் பேன்ட் நுனியை மடித்துவிட மாட்டார். இரண்டு ஷூவுக்கும் ஒரே பளபளப்பு. யாராவது அனுதாபத்தோடு, "கால் எப்படி இருக்கு?" என்றால், "எதைக் கேக்குறீங்க?" என்பார்.

வளாகத்தில் ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. போரில் உயிர்விட்ட சபையாரின் பெயர்கள் அதில் பித்தளை எழுத்துகளில் இருக்கின்றன. மூன்றாவது பெயர் கேப்டனின் தம்பியுடையது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் அதன் முன் தலைகுனிந்து நிற்பார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு அதுதான் கோல்கம்பம். மறுபக்கம் ஒரு மரம்.

ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகும் எனக்கு இது விளங்கவே இல்லை. தம்பி பெயர்மேல் பந்து படுவதை எப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது. ஆனா அவன் எதுக்குச் சண்டைக்குப் போனான்? நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப ஊரு அடுத்தவன் கையில. தெருவுல சத்தம் போட்டா அடி விழும். இதுங்க தொண்டை கிழியக் கத்துதுங்க பாருங்க, யாருக்கும் பயமில்ல. அதக் குடுக்கத்தான் போனான்."

சென்ற வாரம் பந்து மோதி, தம்பி பெயரிலிருந்து ஓர் எழுத்து கழன்று விழுந்தது. கேப்டன் அதைத் தேடியெடுத்து ஒட்டினார். சபைக் கமிட்டி கூடியது. போதகர் புதுப் பூட்டோடு வந்தார்.

"அண்ணே, நாளையிலேர்ந்து வாசலைப் பூட்டிருங்க. இல்லேன்னா வேற ஆள் போடணும்ங்கறாங்க."

"வேற ஆளுன்னா ரூமும் அவருக்குத்தானே?"

போதகர் பூட்டை நீட்டினார்.

"புள்ளைங்களை உள்ள விடாதேன்னு ஆண்டவர் எங்கயாவது சொல்லியிருக்காராய்யா?"

போதகர் பூட்டையும் சாவியையும் அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, போனேன். போதகரும் வந்திருந்தார். கதவில் பூட்டு தொங்கியது. வெளியே பிள்ளைகள் பந்தை அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றார்கள். அவர்கள் அப்படிச் சத்தமில்லாமல் நின்றதைக் கேப்டனால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடினார்; ஜெபம் வாய்க்குள்ளேயே முடிந்தது. பூட்டைத் திறந்தார்.

"அண்ணே, கல்லு..." என்றார் போதகர்.

"கல்லு மேல இனிமே படாதுய்யா."

பிள்ளைகளை வளாகத்தின் கடைக்கோடிக்கு அழைத்துப் போனார். "இனிமே கோல் இங்கதான். ஒரு பக்கம் இந்த மரம்."

"இன்னொரு பக்கம் என்ன, கேப்டன்?"

"பையை வைங்க."

"வேணாம் கேப்டன், இவன் காலால தள்ளிவிட்டு ஏமாத்துவான்!"

கேப்டன் புல்லில் உட்கார்ந்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஷூவோடு சேர்த்துக் காலைக் கழற்றினார். ஷூ நுனியில் ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மரத்துக்கு எதிரே அதை நேராக நிறுத்தினார்.