எட்டாவது பிரதி

சோற்றைப் பிசையும்போதுதான் முதலில் தெரிந்தது. வலது கட்டைவிரலை மடக்கியதும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூடு இழுத்ததுபோல் வலி. ஸ்பூன் கேட்டேன்.

“ஆபீசுக்குப் போற தொரசானி, ஸ்பூன்லதான் துன்னும்” என்று நைனா சிரித்தார். என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.

அடையாறு ஆறு கடலில் சேரும் இடத்தருகே மீனவர் குப்பத்தில் எங்கள் வீடு. நைனா கடலுக்குப் போவார். அம்மா மீன் அரிந்து விற்பாள். வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். தி. நகரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. கை போனால் வேலையும் போகும். அதனால் வலியை மறைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கடிதத்துக்கும் எட்டுப் பிரதிகள் வேண்டும். மற்றவர்கள் நான்கு நான்காக இரண்டு முறை அடிப்பார்கள். நான் எட்டுத் தாளையும் இடையில் கார்பனையும் ஒன்றாகச் செருகி ஒரே தடவையில் முடிப்பேன். மெஷினின் வலப்பக்கக் குமிழைக் கட்டைவிரலால் இறுக்கித் திருகினால்தான் அந்தக் கட்டு உள்ளே போகும். தலைமை குமாஸ்தா எட்டாவது தாளை வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்கய்யா, எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு!” என்பார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன்.

பேனா மூடியைத் திறக்க முடியாமல் போனபோது அம்மாவிடம் சொன்னேன். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது குப்பத்து நம்பிக்கை. அப்படி ஒரு அத்தையிடம் கூட்டிப் போனாள். மூன்று நாள் எண்ணெய் தடவி, குதிகாலால் மணிக்கட்டைத் தேய்த்தார். நான்காம் நாள் கை வீங்கிவிட்டது. படித்தவளான நானும்தான் கையை நீட்டினேன்.

மேற்கு மாம்பலத்து டாக்டர் ஒருவர் கையைத் தொடவே இல்லை. “பலவீனம்தாம்மா. கல்யாணமானா சரியாயிடும்” என்று டானிக் எழுதினார். சீட்டை அவர் வாசலிலேயே கிழித்தேன்.

கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பெண் டாக்டர், “கட்டைவிரலை உள்ளே வச்சு கையை மூடு. சுண்டுவிரல் பக்கமா மணிக்கட்டைச் சாய்” என்றார். சாய்த்ததும் கத்திவிட்டேன்.

“என்ன வேலை பண்றே? எப்படிப் பண்றே, செஞ்சு காட்டு.”

காற்றிலேயே குமிழைத் திருகிக் காட்டினேன். அத்தை மிதித்ததையும் சொன்னேன்.

“இதான்மா. சுளுக்கு இல்லை. டீனோசைனோவைட்டிஸ்” என்றார் (தசைநாணைச் சுற்றியுள்ள உறை தேய்ந்து வீங்குவது). “இதைப் போய் மிதிக்க விட்டியா? ஆறு வாரம் கட்டு. அப்புறமும் இப்படித் திருகினா, கத்தி வைக்க வேண்டியதுதான்.”

கட்டோடு அலுவலகம் போய் விடுப்பு கேட்டேன். தலைமை குமாஸ்தா எல்லோருக்கும் கேட்கும்படி, “மீன் அரியற வீட்டுப் பொண்ணுக்கு டைப் மெஷின் கனமா இருக்கோ?” என்றார்.

“எட்டாவது பிரதி யாருக்கு சார் போகுது?”

அவர் விழித்தார். “அது... வழக்கம்மா.”

அலமாரியைத் திறந்து பார்த்தேன். எட்டாவது தாள்கள் கட்டுக்கட்டாக, கட்டிய நூல்கூட அவிழாமல் கிடந்தன. யாரும் படிக்காத தாளுக்காக என் கையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து வலி குறைந்தது. இப்போது நான்கு நான்காகத்தான் அடிக்கிறேன். நேரமாகிறது என்கிறார்கள். ஆகட்டும். நிரந்தர ஆணையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

இதே வலி உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தேய்க்க விடாதீர்கள், மறைக்காதீர்கள். எந்த அசைவு வலிக்கிறதோ அதை டாக்டரிடம் செய்து காட்டுங்கள்.

போன ஞாயிறு, டாக்டர் செய்த சோதனையை அம்மாவிடம் விளையாட்டாகச் செய்தேன். “அய்யோ!” என்று கையை உதறினாள்.

“உனக்குமா? எத்தினி நாளா கீது?”

“நீ பள்ளிக்கூடம் போய்க்கினு இருந்தப்போலேர்ந்து கீது. வேல செய்யற கை வலிக்காதா இன்னா? போவியா!”

ஆறு வாரத்தை நான் நீண்ட காலம் என்று நினைத்திருந்தேன். அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் அடியில் என்னுடையதைவிடப் பெரிய வீக்கம்.

புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த நேரத்தில் விடுப்பா என்று தலைமை குமாஸ்தா கேட்டார். தாளில் இருக்கிறது, படியுங்கள் என்றேன். காரணம்: அம்மாவின் கை.